ஏழு பிரிவும் எழுதாத ஒரு சுற்றும்

டுலூத், மினசோட்டா
30 நவம்பர் 1996

எப்னர் பந்தயத் தடத்தின் நிர்வாகி அவர்களுக்கு,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பதினேழு வருடம் பேசாதவன் இன்னும் ஒரு வருடம் பேசாமல் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அவர்களுக்காக நான் பேசாமல் இருக்கவில்லை. அவர்களுக்காகப் பேசவும் போவதில்லை.

உங்கள் ஊர் வாரப் பத்திரிகைக்கு இன்னமும் சந்தா கட்டுகிறேன். இறந்தவர்கள் பட்டியலுக்காக. சென்ற இதழில் அந்தப் பட்டியலுக்கு நேர் கீழே உன் அறிவிப்பு இருந்தது. "அடுத்த கோடையில் ஒரு வெள்ளிக்கிழமைக்கு எத்தனை பிரிவுக் கார்கள் ஓடலாம்? எழுதி அனுப்புங்கள். ஜனவரி 25, சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் வாக்கெடுப்பு." கடைசியில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாய். உன் அப்பா இருபது வருடம் தடத்தை நடத்தியும் கேட்காமலே கண்ணை மூடினார்.

நான் கணக்கு வாத்தியார். எனவே கணக்காகவே சொல்கிறேன். இப்போது ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முன்பந்தயம், ஒன்று ஏழு நிமிடம். பிறகு இறுதிப்பந்தயம், பதினைந்து நிமிடம். ஆக ஒரு பிரிவுக்கு இருபத்தொன்பது. ஏழுக்கு இருநூற்று மூன்று. இடைவேளையில் களிமண்ணை நனைக்கத் தண்ணீர் லாரி சுற்றிவரும் இருபத்தைந்து நிமிடத்தைச் சேர். மாலை ஆறரைக்குக் கொடி இறங்கினால், ஒரு சக்கரமும் கழலாமல், விபத்துக்காக ஒரு மஞ்சள் கொடியும் ஆடாமல், பத்து மணி பதினெட்டுக்கு முடியும். பத்தரைக்கு மேல் எஞ்சின் சத்தம் கேட்கக் கூடாது என்பது ஊராட்சி உத்தரவு. உன் கையில் இருப்பது பன்னிரண்டு நிமிடம். களிமண் தடத்தில் பன்னிரண்டு நிமிடத்தைத் தின்ன ஒரே ஒரு உடைந்த அச்சு போதும். போன கோடையில் ஐந்து வெள்ளிக்கிழமை அப்படித்தான் தாண்டியது. இன்னொரு கோடை தாண்டினால் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று ஊராட்சி சொல்லியிருப்பதையும் படித்தேன்.

மூன்று பிரிவு போதும். விலை கூடிய லேட் மாடல், மாற்றிக் கட்டிய மாடிஃபைட், பழைய தெருக்கார்கள். எட்டரைக்கு முடியும். குழந்தைகள் தூங்கும் முன்னே வீடு போகலாம். மற்ற நான்கையும் எடுத்துவிடு, முதலில் அந்த நான்கு சிலிண்டர் சின்னக் கார்களை. அவற்றுக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் 'குளவிகள்' என்று கேள்விப்பட்டேன். முப்பத்தொரு குளவிகள் ஒரே நேரத்தில் சுற்றுவதைப் பந்தயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிரிவுகள் அதிகமானால் என்ன நடக்கும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் 1979 ஆகஸ்ட் 17ஐ நினைவுபடுத்து. மழையால் ஒன்றரை மணி நேரம் போயிற்று. இரண்டு பிரிவு மீதி, நேரம் இருபது நிமிடம். உன் அப்பா ஒலிபெருக்கியில், "ரெண்டு பேரும் ஒண்ணாவே ஓடுங்கடா, ஒரே கோப்பைதான்" என்றார். ஆறு சிலிண்டர் பிரிவில் என் கார் எண் பதினான்கு. தெருக்கார் பிரிவில் ராய்ஸ் டோல்மனின் கார் எண்ணும் பதினான்கு. வேறு வேறு பிரிவில் இருக்கும்வரை ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்கலாம். ஒன்றாக ஓடவிட்டால் இருக்கலாமா? இருபது சுற்று. நான் முதலில் வந்தேன், ராய்ஸ் பின்னால் வந்தான். கோபுரத்தில் சுற்று எழுதியவள் நீ. உன் தாளில் பதினோராவது சுற்றில் ஒரே ஒரு பதினான்குதான் இருந்தது. அந்தச் சுற்றை ராய்ஸுக்குக் கொடுத்தீர்கள். கோப்பையையும்.

அந்தப் பிழைக்குக் காரணம் பிரிவுகளின் எண்ணிக்கை. இதைக் கூட்டத்தில் படி. பதிவேட்டையும் திருத்து.

ஆர்டன் க்விஸ்ட்


வாலர்ஸ்போர்ட், விஸ்கான்சின்
9 டிசம்பர் 1996

அன்புள்ள ஆர்டன்,

'நிர்வாகி அவர்களுக்கு' என்று இருந்ததால் உன் கடிதத்தை அலுவலகக் கோப்பில் போட்டேன். இரண்டு நாள் கழித்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அடுப்பு மேடையில், உப்பு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

நலம்தான். முழங்கால் மட்டும் கோபுரத்துப் படிகளோடு சண்டை போடுகிறது. ஆறு கரையோரம் உறைய ஆரம்பித்துவிட்டது. தடம் முழுக்கப் பனி. நேற்று மாலை மேலே ஏறிப் பார்த்தேன். வேலியும் தெரியவில்லை, திருப்பமும் தெரியவில்லை, யாரோ ஒரு வெள்ளைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு நரி சரியாகக் கார்கள் போகும் வழியிலேயே, இடப்பக்கமாகவே, அரைச் சுற்று நடந்து போயிருக்கிறது. அதற்கு என்ன பிரிவு என்று தெரியவில்லை.

உன் கணக்கு சரி. நானும் போட்டுப் பார்த்தேன். ஆனால் 'குளவிகள் என்று கேள்விப்பட்டேன்' என்று எழுதியிருக்கிறாயே, அது நன்றாக இல்லை. ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு வெள்ளிக்கிழமை மூன்றாவது திருப்பத்துப் பலகையில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்காருகிறவன் யார்? வாசலில் டிக்கெட் கிழிக்கும் டோரிஸ் வருஷா வருஷம் மேலே வந்து சொல்கிறாள்: "ஒன் வாத்தியார் வந்துட்டாருடி. தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுருக்காரு, நமக்கு அடையாளம் தெரியாதாம்." நான் கீழே பார்ப்பதில்லை. சுற்று எழுதுகிறவள் தலையைத் திருப்பக் கூடாது.

முப்பத்தொரு குளவிகளில் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஜோலீன் க்ராட்ஸ். பாலாடைக்கட்டி ஆலையில் காலை நான்கு மணி வேலை. காரில் முன்கண்ணாடி கிடையாது, கதவு பற்றவைத்திருக்கிறது, இரண்டு பிள்ளைகள் அதன்மேல் வண்ணம் அடித்திருக்கிறார்கள். சென்ற வாரம் அவள் அலுவலகத்தில் நின்றிருந்தபோது ராய்ஸ் டோல்மன் வந்தான். அவன் இப்போது லேட் மாடல் ஓட்டுகிறான், வயிறு ஸ்டியரிங்கைத் தொடுகிறது. அந்தக் கோப்பையில் அவன் மனைவி குடைகளை வைத்திருக்கிறாளாம், டோரிஸ் சொன்னாள். வந்த வேகத்தில் சொன்னான்:

"வெல்டா, அந்த டப்பாங்கள மொதல்ல நிறுத்து. என் டயரு ஒண்ணு வித்தா அவளுங்க காரு ரெண்டு வாங்கலாம்."

ஜோலீன் திரும்பக்கூட இல்லை. "அப்ப டயர மட்டும் ஓட்டிட்டுப் போங்கண்ணே. காரு எதுக்கு தெண்டமா?"

"வாய்க்கு மட்டும் எட்டு சிலிண்டரு போல."

"ஆமா, காருக்கு நாலு, வாய்க்கு எட்டு. சராசரி ஆறு. ஒங்கள முந்த அது போதும்."

ராய்ஸின் ஆட்கள் ஒன்பதே ஒன்பது கார் வைத்துக்கொண்டு இரண்டு முன்பந்தயம் கேட்கிறார்கள். குளவிகளை எடுத்துவிட்டால் நேரம் மிச்சமாகும் என்கிறார்கள். ஆக, நீயும் ராய்ஸும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே பக்கம். இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மூன்று பிரிவு என்று முடிவானால் ஜோலீனுக்கும் இன்னும் முப்பது பேருக்கும் இந்த மாவட்டத்தில் வேறு தடம் கிடையாது.

உன் கடிதத்தைப் படிக்கச் சொல்கிறாய். அப்பாவின் விதியை மறந்துவிட்டாயா? பெயர் போட்ட கடிதத்தை நான் படிக்க முடியாது. போட்டவன் நேரில் எழுந்து நின்று பேச வேண்டும். பெயர் போடாததைத்தான் நான் முழுதாகப் படிப்பேன். அவர் சொல்வாரே: "பேரக் கேட்டதும் பாதிப் பேரு காதப் பொத்திக்கிறான். பேரில்லாததத்தான்டா மனுசன் கேக்குறான்."

நீ பெயர் போட்டிருக்கிறாய். வருகிறாயா?

வெல்டா


டுலூத்
15 டிசம்பர் 1996

வெல்டாவுக்கு,

வர மாட்டேன்.

என்னையும் ராய்ஸையும் ஒரே பலகையில் உட்கார வைத்துப் பார்க்க உனக்கு வேடிக்கையாக இருக்கலாம். அன்றிரவு வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அவன் கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்து சொன்னதை நீ கேட்கவில்லை. நாற்பது பேர் கேட்டார்கள். "என்ன வாத்தியாரே, ஒம் பொண்டாட்டி எனக்கு ஒரு சுத்து தானம் பண்ணிட்டா போல. வீட்ல வேற என்னல்லாம் தானம் பண்ணுவா?" சிரிப்பு. வேலியோரம் பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் அடுத்த வாரமே காரை விற்றேன். எண்ணைச் சுரண்டிவிட்டுத்தான் விற்றேன். நான்கு வருடம் கழித்து நாம் பிரிந்தோம். ஊரில் எல்லோரும் பிரிவுக்கு வேறு வேறு காரணம் சொன்னார்கள், எனக்குத் தெரியும் எது என்று.

நான் மறக்கவில்லை. மறக்கக்கூடாதவற்றின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறேன். உன் அப்பா திருப்பித் தராத என் ஸ்பேனர் பெட்டியும் அதில் இருக்கிறது. ஆனால் முதல் வரி இதுதான்: இரண்டு பதினான்கு கோட்டைத் தாண்டின, ஒன்றுதான் தாளில் இருந்தது. கோபுரத்தில் நீ சுற்றும் முற்றும் பார்த்தாய். கணவனுக்குக் கொடுத்தால் ஊர் பேசும். அதனால் அடுத்தவனுக்குக் கொடுத்தாய். உன் நேர்மையை ஊருக்குக் காட்ட என் சுற்று உனக்குச் செலவானது. அப்படித்தானே? இரண்டு பிரிவை ஒன்றாக ஓடவிடாமல் இருந்திருந்தால் உனக்கு அந்தச் சோதனையே வந்திருக்காது. அதனால்தான் மூன்று என்கிறேன். ராய்ஸுக்காக அல்ல.

இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை எனக்கு ஒரே கனவு வருகிறது. பந்தயம் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் இல்லை. களிமண் தண்ணீர் மாதிரி இருக்கிறது, கார் அதன்மேல் படகு போல வழுக்குகிறது. நான் கோட்டைத் தாண்டுகிறேன். கொடி பிடிப்பவன் வேறெங்கோ பார்க்கிறான். மறுபடி சுற்றி வருகிறேன், மறுபடி தாண்டுகிறேன். கூட்டம் எழுந்து போய்க்கொண்டிருக்கிறது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. கோபுரத்தில் மட்டும் ஒரு விளக்கு. அதன் கீழ் உன் தலை குனிந்திருக்கிறது. நீ எழுதிக்கொண்டிருக்கிறாய். என்ன எழுதுகிறாய் என்று கத்துகிறேன், என் குரல் எஞ்சினுக்குள் போய்விடுகிறது. விழித்தால் இங்கே துறைமுகத்தில் கப்பல் ஊதிக்கொண்டிருக்கும்.

ஐம்பத்தொரு வயது ஆளுக்கு இது அழகல்ல. தெரியும்.

ஆர்டன்


வாலர்ஸ்போர்ட்
27 டிசம்பர் 1996

அன்புள்ள ஆர்டன்,

பண்டிகைக்கு டோரிஸ் வீட்டுக்குப் போய் அதிகமாகத் தின்றுவிட்டு வந்தேன். இன்று வெள்ளி. தடம் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. அதனால் எழுதுகிறேன். உன் பட்டியலின் முதல் வரி தப்பு. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் எப்படியோ இருக்கட்டும். ஸ்பேனர் பெட்டி எங்கள் கொட்டகையில் இருக்கிறது, அது உண்மை.

அன்று மழை விட்டதும் தண்ணீர் லாரிக்கு வேலை இல்லாமல் போனது. களிமண் கறுத்து மினுங்கியது. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி மூன்றாவது திருப்பத்தை முழுக்க விழுங்கியிருந்தது. கார்கள் அதற்குள் போகும். கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் இருக்கும். பிறகு நான்காவது திருப்பத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும், விளக்கொளியை மேலே வாங்கிக்கொண்டு. நான் எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு பதினான்கும் எனக்குக் குழப்பமே இல்லை. உன்னுடையது வெள்ளை, அவனுடையது சிவப்பு. அவனுடையதை '14 சி' என்று எழுதினேன், 'சி' என்றால் சிவப்பு. முதல் சுற்றிலிருந்தே அப்படித்தான். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

பதினோராவது சுற்றில் நீ பனிக்குள்ளிருந்து வந்தாய். கார் பக்கவாட்டில் சரிந்திருந்தது, முன்சக்கரம் எதிர்த் திசையில் திரும்பியிருந்தது, ஆனால் எல்லாம் மெதுவாக நடப்பது போல இருந்தது. தொட்டிலை யாரோ ஆட்டிவிட்டது போல. அந்தக் காலத்து ஹெல்மெட்டில் முகம் தெரியும். உன் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் நான் பார்த்தே இராத முகம். யாரோடும் சண்டை இல்லாத முகம். உன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பாடுகிறாய் என்று நினைத்தேன். எட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் உனக்குப் பாடத் தெரியும் என்று எனக்குத் தெரியாதே என்று ஆச்சரியப்பட்டேன். பென்சில் கையில் இருந்தது. நீ கோட்டைத் தாண்டி முதல் திருப்பத்துக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்து ராய்ஸ் வந்தான். '14 சி' என்று எழுதினேன். உன்னை எழுதவில்லை.

அவ்வளவுதான் நடந்தது. பிரிவும் காரணமில்லை, எண்ணும் காரணமில்லை.

பந்தயம் முடிந்ததும் அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "பதினொண்ணுல ஆர்டன் எங்க?" என்றார். தாண்டினான் என்றேன். "தாண்டினான்னா எழுதியிருப்பியே. எழுதியிருக்கா, இல்லையா?" தாளில் இல்லாதது நடக்கவில்லை, அது அவர் சட்டம். கோபுரத்தில் நான்கு ஆண்கள் நின்றிருந்தார்கள். என் புருஷனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன் என்று அவர்கள் முன்னால் நான் எப்படிச் சொல்வேன்? எனக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு பதினான்கு, குழம்பிவிட்டேன் என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். மறுநாள் வீட்டில் உண்மையைச் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் மறுநாள் காலையிலேயே நீ மேஜையில் பேப்பர் விரித்து, எத்தனை பிரிவு இருந்தால் எத்தனை மணிக்கு முடியும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தாய். உன் கோபத்துக்கு வீட்டுக்கு வெளியே ஒரு காரணம் கிடைத்திருந்தது. அதைப் பிடுங்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வாரம் போனது. கார் போனது. பிறகு சொல்வதற்கு நேரமே சரியாக வரவில்லை.

அதுதான் நான் பார்த்த கடைசிச் சுற்று, ஆர்டன். அதற்குப் பிறகு பதினேழு கோடை கோபுரத்தில் உட்கார்ந்து எண்களை மட்டும் பார்த்திருக்கிறேன். யார் ஜெயித்தார் என்று கேட்டால் சொல்வேன். எப்படி ஓட்டினார் என்று கேட்டால் தெரியாது.

உன் கணக்கை யாரும் எதிர்க்க முடியாது. உன் பெயரில்லாமல் படித்தால் கூட்டம் மூன்றுக்குக் கை தூக்கும். ஆனால் அந்த 1979 பத்தியை வைத்துக்கொண்டு ஜோலீனை வெளியே அனுப்பாதே. அது உண்மையில்லை.

வெல்டா


டுலூத்
6 ஜனவரி 1997

வெல்டா,

கடிதம் கிடைத்தது. அந்தத் தாளின் நகலை அனுப்பு.

ஆ.


வாலர்ஸ்போர்ட்
12 ஜனவரி 1997

ஆர்டன்,

நகல் இல்லை, மூலத்தையே இந்த உறையில் வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து, நகல் இயந்திரத்தில் சரியாக விழவில்லை. தொலைத்துவிடாதே என்று சொல்ல நினைத்தேன், தொலைத்தாலும் பரவாயில்லை.

ராய்ஸ் வீடு வீடாகப் போய்க் கை எண்ணிக்கொண்டிருக்கிறான். "ஏழுல மூணு போதும், வாத்தியாரே சொல்லிருக்காரு" என்று உன் பெயரையும் சேர்த்துச் சொல்கிறானாம். நான் யாருக்கும் காட்டவில்லை. உப்பு டப்பாவைத் தூக்கிப் பார்த்தது டோரிஸ்தான். ஜோலீன் நேற்று வந்தாள். காரை விற்றுவிடவா என்று கேட்டாள். இருபத்தைந்தாம் தேதி வரை பொறு என்றேன். "பொறுத்துக்கலாம்க்கா. பிள்ளைங்கதான் கதவுல இன்னொரு பூ வரையவான்னு கேக்குதுங்க. வரையச் சொல்லவா வேணாமா?" என்றாள்.

கடிதங்கள் இருபத்துமூன்றாம் தேதிக்குள் வர வேண்டும். உன் முதல் கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்ய வேண்டுமோ செய்.

வெல்டா


டுலூத்
17 ஜனவரி 1997

வெல்டா,

இந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் நேற்று முன்தினம் போய்விட்டது. ஏரி மூடிக்கொண்டது. இரவில் ஊதல் சத்தம் இல்லாததால் தூக்கம் வரவில்லை. அந்தத் தாளை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வரிசை. உன் எழுத்து ஒழுங்காக, பள்ளிக்கூடத்து நோட்டு மாதிரி இருக்கிறது. பதினோராவது வரிசையில் '14 சி'க்கு முன்னால் ஓர் எண் அளவுக்கு இடம் விட்டிருக்கிறாய். பென்சில் முனை அழுத்திய ஒரு புள்ளி அங்கே இருக்கிறது. உனக்கு அது தெரியுமா? எழுதத்தான் முனையை வைத்திருக்கிறாய்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. ஒன்பது நாள் உன்மேல் முன்பைவிட அதிகமாகக் கோபமாக இருந்தேன். ஒரே ஒரு சுற்றின்மேல் கோபக் கோட்டை கட்டி அதற்குள் பதினேழு வருடம் குடியிருந்தவனிடம் வந்து, அடியில் கல்லே இல்லை என்கிறாய். வகுப்பில் ஒரு பையன் விடையைச் சரியாகப் போட்டு வழியைத் தப்பாகப் போட்டால் பாதி மதிப்பெண் தருவேன். எனக்கு நானே அதைத் தரவும் மனம் வரவில்லை.

ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும். நான் பாடவில்லை. எனக்குப் பாடத் தெரியாது. எண்ணிக்கொண்டிருந்தேன். திருப்பத்தில் பனிக்குள் போனதும் எதுவும் தெரியாது, சுற்றை மறந்துவிடக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வருவேன். கோட்டைத் தாண்டும்போது நான் சொன்னது 'பதினொன்று, பதினொன்று, பதினொன்று'. ஆக அந்தச் சுற்றை நானும் எழுதினேன், காற்றில். அதை நீ பார்த்தாய். பதிவேட்டைத் தொட வேண்டாம். கோப்பை ராய்ஸின் வீட்டிலேயே இருக்கட்டும், அவன் மனைவி அதில் குடைகளை வைத்திருப்பதாக நீயே எழுதியிருந்தாய். அவன் அன்று சொன்னதை மன்னிக்க மாட்டேன். அது பட்டியலில் முதலிடத்துக்கு வந்திருக்கிறது.

கூட்டத்துக்கான தாளைப் புதிதாக எழுதியிருக்கிறேன். கணக்கு மாறவில்லை, ஏழு முடியாது. ஆனால் மூன்றும் வேண்டாம். ஐந்து. நூற்று நாற்பத்தைந்து நிமிடம், தண்ணீர் லாரிக்கு இருபத்தைந்து, ஒன்பது மணி இருபதுக்கு முடியும். பத்தரைக்கு முன் எழுபது நிமிடம் கையில் இருக்கும்; எத்தனை அச்சு வேண்டுமானாலும் உடையட்டும். நான்கு பிரிவு எல்லா வெள்ளியும் ஓடும், ஐந்தாவது இடத்தை மற்ற மூன்றும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். எல்லா வெள்ளியும் ஓடும் நான்கில் குளவிகளும் இருக்க வேண்டும். எந்தப் பிரிவில் அதிகக் கார் வருகிறதோ அதுதான் தடத்தின் ஆதாரம், இதற்கு வாத்தியார் தேவையில்லை. அவற்றைக் கடைசியில் வைக்காதே, முதலில் வை. மாலைச் சூரியன் மூன்றாவது திருப்பத்துக்குப் பின்னால் இருக்கும்போது, களிமண் இன்னும் ஈரமாக இருக்கும்போது, காலை நான்கு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஓட்டிவிட்டுப் போகட்டும். நேரம் போய்விட்டால் இரண்டு பிரிவை ஒருபோதும் ஒன்றாக ஓடவிடாதே. மீதியை அடுத்த வெள்ளி முதலில் ஓட்டு. இதற்கு 1979ஐ நான் உதாரணம் காட்டவில்லை. ஒரே எண் இரண்டு கார் ஓடக்கூடாது என்பதற்கு உதாரணம் தேவையில்லை.

ஜூலையில் குளவிகளை நான் பார்த்ததில்லை என்பது உண்மை. உட்கார்ந்திருந்தேன், ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தேன். ஒரு சுற்று இருபத்து நான்கு வினாடி என்று தெரியும். கதவில் பூ இருந்தது தெரியாது. பிள்ளைகளை இன்னொன்று வரையச் சொல்.

தாளின் அடியில் பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். என் கையும் ஓர் எண் அளவுக்கு இடம் விட்டு நின்றது. ராய்ஸ் கடைசி நாள்வரை என் பெயரைச் சொல்லிக் கை எண்ணட்டும். என் பெயரைக் கேட்டால் அவன் ஆட்கள் சிரிப்பார்கள், மற்றவர்கள் பழைய கதையை ஞாபகப்படுத்திக்கொள்வார்கள், ஐந்து என்ற எண் யார் காதிலும் விழாது. உன் அப்பா ஒரு விஷயத்தில் சரியாகத்தான் சொன்னார். ஒன்றில் மட்டும்.

பெயர் போட்டால் நான் எழுந்து நின்று பேச வேண்டும். இருபத்தேழு வருடமாக வகுப்பில் என் குரலையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த ஒன்றை உன் குரலில் கேட்க வேண்டும் போலிருக்கிறது. இருபத்தைந்தாம் தேதி கடைசி வரிசையில், தீயணைப்பு மேல்சட்டைகள் மாட்டியிருக்கும் சுவரோரம் இருப்பேன். தொப்பி இல்லாமல். படிக்கும்போது நிமிர்ந்து பார்க்காதே, வரி விட்டுப்போகும். படித்து முடித்த பிறகு பார்க்கலாம். ஸ்பேனர் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொள்ள ஆள் உதவி வேண்டாம்.

தாளைப் பெயரில்லாமலே மடித்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கும் போடப் போவதில்லை, உனக்கு இது யார் என்று தெரியும். இரண்டையும் ஒரே உறையில் வைத்து ஒட்டியாயிற்று. தபால் நிலையம் எட்டரைக்குத் திறக்கும். பனி முழங்கால்வரை இருக்கிறது, நடந்தே போய்ப் போடுகிறேன்.